மீன் ஏணியில் எந்த மீன் ஏறும், எந்த மீன் ஏறாது?

கேள்வி கேட்டவர் டெல்லியில் யமுனையின் குறுக்கே இருக்கும் ஓக்லா தடுப்பணை வழியாக நொய்டாவுக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே ஒரு மீன் ஏணி (மீன் தடுப்பைத் தாண்டி மேலே போகக் கட்டும் நீர்ப்படி) கட்டிவிட்டால் யமுனையில் மீன்கள் மேலே போய்விடாதா, மீன் அந்தப் படிகளில் எப்படித்தான் ஏறுகிறது, எல்லா மீனும் ஒரே மாதிரி ஏறுமா என்று கேட்டிருக்கிறார்.

எல்லா மீனும் ஒரே மாதிரி ஏறாது, இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. உலகத்தில் கட்டிய மீன் ஏணிகளில் பெரும்பாலானவை முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வருகிற சால்மன் என்கிற ஒரே ஒரு மீனை மனதில் வைத்துத் தொடங்கியவை, அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து கெளுத்தியும் வாளையும் கெண்டையும் வாழ்கிற ஆற்றில் வைத்துவிட்டு, 'மீன் ஏணி கட்டியிருக்கிறோம், மீன்தான் வரவில்லை' என்று சொல்கிற கதை பல நாடுகளில் நடந்திருக்கிறது. நான் நீர்மின் திட்டங்களின் கட்டுமான வரைபடங்களோடு காலம் தள்ளுகிறவன், மீன் விஞ்ஞானி இல்லை. ஆனால் ஏணியில் தண்ணீர் எப்படி ஓடும் என்பதும் மீன் எப்படி நீந்தும் என்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம், ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்க்கவே முடியாது.

ஊரில் ஏரி நிரம்பி கலிங்கு வழியும்போது நின்று பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். வழிகிற தண்ணீரை எதிர்த்து ஒரு கெண்டை துள்ளும், விழும், மறுபடி துள்ளும். கெளுத்தி துள்ளாது, கல்லுக்கடியில், சுவரோரமாக, தண்ணீர் வேகம் குறைந்த இடமாகப் பார்த்து ஊர்ந்து வரும். பனையேறிக் கெண்டையோ தண்ணீரே வேண்டாம் என்று செவுள் மூடியில் இருக்கிற முட்களை ஊன்றி ஈரத் தரையிலேயே நகர்ந்து போய்விடும். (தரங்கம்பாடியில் டேனிஷ் ஆட்சி நடந்த காலத்தில் டால்டார்ஃப் என்ற அதிகாரி, இந்த மீன் பனை மரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிவைத்தார். மரம் ஏறியதா இல்லையா என்ற சண்டை அப்புறம் நெடுநாள் ஓடியது.) ஒரே கலிங்கு, ஒரே மழை, மூன்று விதமான ஏற்றம்.

சரி, கணக்குக்கு வருவோம். சாதாரண மீன் ஏணி என்பது வரிசையாகக் கட்டிய தொட்டிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். ஒரு தொட்டிக்கும் அடுத்ததுக்கும் நீர்மட்ட வித்தியாசம் எவ்வளவோ அதை வைத்து நடுவில் பாயும் தண்ணீரின் வேகம் தீர்மானமாகிவிடும். 30 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர், 15 சென்டிமீட்டர் என்றால் 1.7 மீட்டர், 5 சென்டிமீட்டர் என்றால் சுமார் 1 மீட்டர். அணை எவ்வளவு உயரம் என்பது இந்த வேகத்தை மாற்றாது, தொட்டிகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். இப்போது மீன் பக்கம்: உயிரைக் கொடுத்துப் பாயும்போது ஒரு மீனால் நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போலப் பத்து மடங்கு போக முடியும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 60 சென்டிமீட்டர் சால்மனுக்கு அது நொடிக்கு 6 மீட்டர், 30 சென்டிமீட்டர் படி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 5 சென்டிமீட்டர் குஞ்சுக்கு அது வெறும் அரை மீட்டர். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கிவிடும்.

அந்தப் பாய்ச்சலும் நிலைக்காது, அதிகபட்சம் 20 நொடி. மீனின் உடம்பில் வெள்ளைத் தசைதான் இந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்கு, அது சீக்கிரம் களைத்துவிடும், களைப்பு தீர மணிக்கணக்கில் ஆகலாம். மணிக்கணக்காகச் சீராக நீந்துவது பக்கவாட்டில் ஒரு மெல்லிய பட்டையாக ஓடுகிற சிவப்புத் தசையின் வேலை. ஏணியில் தொட்டி எதற்கு என்றால் இதற்குத்தான்: ஒரு பாய்ச்சல், ஒரு ஓய்வு, அடுத்த பாய்ச்சல். லிஃப்ட் இல்லாத டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணைய) ஃபிளாட்டில் மூன்றாம் மாடிக்கு கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கிவைப்பது மாதிரி. ஆனால் அந்தத் தொட்டியிலேயே தண்ணீர் கொதித்துச் சுழன்றுகொண்டிருந்தால் ஓய்வு எங்கே கிடைக்கும்? அதனால்தான் மேலிருந்து விழும் ஆற்றல் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு எத்தனை வாட் என்று பார்த்து வடிவமைக்கிறார்கள். சால்மனுக்கு 200 வாட் வரை பரவாயில்லை என்பார்கள், மற்ற ஆற்று மீன்களுக்கு 150-க்குள், சிறு மீன்களுக்கு இன்னும் கீழே. கட்டுகிறவர்கள் இடத்தையும் கான்கிரீட்டையும் மிச்சம் பிடிக்கத் தொட்டியைச் சின்னதாக்கும்போது முதலில் அடிவாங்குவது இந்த எண்தான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

பெல்ஜியத்தின் டெனில் 1900-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த வகையில் தொட்டியே கிடையாது. சரிவான ஒரு கால்வாய், உள்ளே நெருக்கமாகத் தடுப்புப் பலகைகள், அவை தண்ணீரைத் திருப்பி அதன் மேலேயே மோதவிட்டு வேகத்தைக் குறைக்கும். இடம் மிச்சம், சரிவைக் கூட்டியும் கட்டலாம். ஆனால் உள்ளே நுழைந்த மீன் ஒரே மூச்சில் வெளியே வந்தாக வேண்டும், நடுவில் நிற்க இடமில்லை. பெரிய, வலுவான மீனுக்கு நல்லது, விரல் நீள மீனுக்கு அது மூடிய கதவு.

வேகத்தோடு விஷயம் முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வலு இருந்தும் ஏற மறுக்கிற மீன்கள் இருக்கின்றனவே, அங்கேதான் சுவாரசியம். அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றில் 1930-களில் கட்டிய பானவில் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியின் பக்கவாட்டில் கண்ணாடி ஜன்னல் வைத்து, கடந்து போகிற மீன்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். சால்மன் தொட்டிச் சுவரின் அடியிலிருக்கும் துளை வழியாகவும் போகும், மேலே வழிகிற தண்ணீரிலும் நீந்தி ஏறும், தேவைப்பட்டால் துள்ளும். துள்ளுவதற்கு அடியில் ஆழம் வேண்டும், அருவியின் கீழே தண்ணீர் குதித்து மேலெழும் இடத்தைப் பார்த்து அங்கிருந்து எம்பும், ஆழமில்லாத தொட்டியில் அதற்கு ஓட்டம் எடுக்க வழியில்லை. அதே ஏணியில் ஷாட் என்கிற மீன், நம்ம ஹில்சாவுக்கு (தமிழில் உல்லம்) உறவுமுறைதான், வேறு மாதிரி. கூட்டமாக வரும், கூட்டம் கலைவதை விரும்பாது, தண்ணீருக்கு அடியில் இருக்கிற துளைக்குள் நுழையத் தயங்கும், சுழல் இருந்தால் அந்த இடத்திலேயே வட்டமடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேற்பரப்பில் நேராக, சீராக ஓடுகிற அகலமான நீரோட்டம் வேண்டும். சால்மனைவிட வலுவில் குறைவு என்பது ஒரு பக்கம், ஆனால் பிரச்சினை பெரும்பாலும் சுபாவம்.

அடுத்தது லாம்ப்ரே, தாடை இல்லாத, வாய் முழுக்க உறிஞ்சு வட்டமாக இருக்கிற பாம்பு வடிவ ஜீவன். இது வேகமான தண்ணீரில் வாயால் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தொங்கும், தெம்பு வந்ததும் விட்டுவிட்டு ஒரு உந்து உந்தி முன்னேறி மறுபடி ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான சுவர் என்றால் இந்த முறை அழகாக வேலை செய்கிறது. ஆனால் சுவர் கூர்மையாக 90 டிகிரி திரும்புகிற இடத்தில் வாய் ஒட்டாது, தரையில் கம்பி வலை இருந்தால் அதிலும் ஒட்டாது, அங்கே தண்ணீர் அதை அடித்துத் தள்ளிவிடும். பானவில்லில் ஏற முயன்ற லாம்ப்ரேக்களில் கிட்டத்தட்டப் பாதிதான் மேலே சேர்ந்தது என்று தெரிந்த பிறகு, சுவர் முனைகளை உருட்டிவிட்டார்கள், இதற்கென்றே தனியாக மெல்லிசாகத் தண்ணீர் வழிகிற உலோகச் சரிவுகளும் வைத்தார்கள். இது பெரும்பாலும் இரவில் நடமாடுகிறது, சால்மனோ பகலில். பகலில் மட்டும் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினால் லாம்ப்ரே கணக்கிலேயே வராது!

ஸ்டர்ஜன் இன்னொரு கோடி. ஆளைவிடப் பெரிதாக வளரும், தரையோடு தரையாக நீந்தும், துள்ளுகிற வழக்கம் ஏணிக்கு உதவாது, உடம்பு துளைக்குள் நுழையாது, திருப்பங்களில் திரும்பாது. பெரும்பாலான ஏணிகளில் இதற்கு இடமே இல்லை, அமெரிக்காவில் ஓரிரு இடத்தில் மீனைத் தொட்டியோடு தூக்கி மேலே விடுகிற லிஃப்ட்டில் சில போகின்றன. நேர் எதிர்ப்பக்கம் விலாங்குக் குஞ்சுகள். தீக்குச்சி அளவு உடம்பை வைத்துக்கொண்டு நீந்தி ஜெயிக்க முடியாது என்பதால் அவை நீந்துவதே இல்லை, ஈரமான சுவரில் நெளிந்து ஏறுகின்றன. அவற்றுக்குச் சரிவான பலகையில் பிரஷ் மயிர்களை நட்டு, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டால் போதும். ஹவாயில் உளுவை இனத்து மீன் ஒன்று, வயிற்றுத் துடுப்புகள் இணைந்து உறிஞ்சு கிண்ணமாக மாறியதை வைத்து 100 மீட்டருக்கும் மேல் உயரமான அருவியின் பாறையிலேயே ஏறுகிறது. நம்ம மலை ஓடைகளில் கல்லொட்டி மீன் இப்படிப் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். இந்த மீன்களுக்கு ஏணியைவிட ஒரு சொரசொரப்பான ஈரச் சுவர் மேல்.

இத்தனை பேருக்கும் ஓரளவாவது பொதுவாக ஒத்துவருவது செங்குத்துப் பிளவு வகை. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றில் ஹெல்ஸ் கேட் என்ற குறுகலான பள்ளத்தாக்கில், ரயில் பாதை போடும்போது தள்ளிய பாறையும் 1914-இல் நடந்த சரிவும் சேர்ந்து ஆற்றை நெருக்கி, சால்மன் ஏற முடியாமல் போனது. அங்கே ஆற்றின் மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும், சாதாரணப் படி வைத்தால் பாதி நாள் மூழ்கும், பாதி நாள் காயும். 1940-களில் மைலோ பெல் என்ற பொறியாளர் தலைமையில் செய்த தீர்வு, தொட்டிச் சுவரில் மேலிருந்து அடிவரைக்கும் ஒரே நீளப் பிளவு. மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் பிளவில் வேகம் பெரிதாக மாறாது, தரையோடு வருகிற மீன் தரையிலேயே போகலாம், மேற்பரப்பில் வருகிறது மேலேயே போகலாம், துள்ளவே வேண்டாம். மழைக்காலத்தில் பொங்கி மற்ற நாளில் வற்றுகிற நம்ம ஆறுகளுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கட்சி, மணலும் மரக்கட்டையும் வந்து பிளவை அடைக்கும் என்ற தலைவலி இருந்தாலும்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இதை நிதானமாகக் கற்றுக்கொண்டார்கள். முர்ரே ஆற்றில் முதலில் சால்மன் மாதிரியில் செங்குத்தான ஏணிகள் வைத்தார்கள், உள்ளூர் மீன்கள் துள்ளுகிற ரகம் இல்லை, ஏறவில்லை. அப்புறம் சரிவைக் குறைத்து, படி வித்தியாசத்தைக் குறைத்து, கடல் முகத்திலிருந்து ஹ்யூம் அணை வரைக்கும் 2,000 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தில் ஒவ்வொரு தடுப்பிலும் வழி வைத்துக்கொண்டு போனார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கெண்டைக் கூண்டு. வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட காமன் கார்ப் மீன் துள்ளும், உள்ளூர் மீன்கள் துள்ளாது. அதனால் ஏணிக்குள் ஒரு கூண்டு வைத்து, நடுவில் ஒரு தடுப்பு வைத்தார்கள். துள்ளித் தாண்டுகிற கார்ப் பக்கத்துக் கூண்டில் தானாகவே போய் மாட்டிக்கொள்ளும், துள்ளாதவை வழக்கமான பாதையில் மேலே போகும். சுபாவத்தை வைத்தே சல்லடை!

நேர் எதிர் உதாரணம் தாய்லாந்தின் பாக் மூன் அணை. மீகாங் ஆற்றின் கிளையில் 1994-இல் கட்டி முடித்தார்கள், மீன் ஏணியும் இருந்தது. ஆனால் அங்கே போய் வருகிற மீன்கள் நூற்றுக்கணக்கான இனம், பெரும்பாலானவை அந்த ஏணியைச் சீண்டவில்லை. மீனவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு வருடத்தில் சில மாதம் மதகுகளைத் திறந்துவைக்கும் ஏற்பாடு வந்தது. பிரேசில்-பராகுவே எல்லையில் இட்டாய்ப்பு அணையைச் சுற்றி 2002-இல் 10 கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்றை வெட்டினார்கள், 120 மீட்டர் உயரத்தை அவ்வளவு தூரத்தில் மெதுவாக ஏற்றுகிறது. கல்லும் ஓரமும் வளைவுமாக இருப்பதால் சின்ன மீன் கரையோரம் ஊர்ந்துபோகலாம், பெரிய மீன் நடுவில் போகலாம். இடமிருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அதே பிரேசிலில் வேறு சில அணைகளில் ஏணி நன்றாக வேலை செய்ததே வினையாகிவிட்டது: மீன் மேலே ஏறியது, மேலே இருந்தது ஓடாத நீர்த்தேக்கம், முட்டையும் குஞ்சும் மிதந்து கீழே வர ஓட்டம் இல்லாமல் அங்கேயே மூழ்கிப்போயின, தாய் மீனும் திரும்பவில்லை.

ஏணி நன்றாக இருந்தும் மீனுக்கு அது கண்ணில் படாமல் போவதும் உண்டு. மீன் எதிர்நீரைத் தேடி வருகிறது, அணையடியில் எங்கே அதிகத் தண்ணீர் பாய்கிறதோ அங்கே போய் முட்டும், அது பெரும்பாலும் டர்பைன் வாசல். ஏணியின் கீழ்வாயிலிலிருந்து வருகிற தண்ணீர் அதோடு போட்டிபோட வேண்டும், ஆற்றின் ஓட்டத்தில் ஒன்று முதல் ஐந்து சதவீதமாவது அங்கே விடவேண்டும் என்பது நடைமுறை. இமாச்சலத்தில் ஒரு திட்டத்தில் (பெயர் வேண்டாம்) நான் பார்த்த ஏணியில் குளிர்காலத்தில் கடைசிப் படிக்குக் கீழே ஆற்றுமட்டம் இறங்கிப்போய், கான்கிரீட் விளிம்பிலிருந்து ஒரு முழ உயரத்துக்குத் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. படிகளெல்லாம் கணக்குப்படி சரி, கீழே பாசி பிடித்த கல்லில் ஒரு மீனும் இல்லை. ஏணி பார்க்கப் போகிறவர்கள் மேலே நின்று படம் எடுப்பதை விட்டு, கீழே இறங்கி அந்தக் கடைசிப் படியைப் பாருங்கள், அதுவும் மழைக்காலம் முடிந்து.

இனி யமுனை. டெல்லிக்கு மேலே ஹரியானாவில் இருக்கும் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் தண்ணீரின் பெரும்பகுதி கோடையில் கால்வாய்களுக்குப் போய்விடுகிறது. டெல்லிக்குள் வஸிராபாத், ஐடிஓ, ஓக்லா என்று மூன்று தடுப்பு. வஸிராபாத்தில் குடிநீருக்கு எடுத்த பிறகு, கொஞ்சம் கீழேயே நகரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு நஜஃப்கட் வாய்க்கால் வந்து விழுகிறது, அங்கிருந்து ஓக்லா வரைக்குமான 22 கிலோமீட்டரில் வறண்ட மாதங்களில் பல இடத்தில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனே இருப்பதில்லை. சட் பூஜை சமயத்தில் காளிந்தி குஞ்ச் பக்கம் நுரை மிதக்கிற படங்கள் எல்லோரும் பார்த்ததுதான். அந்தத் தண்ணீரில் உலகத்திலேயே சிறந்த ஏணியைக் கொண்டுவந்து வைத்தாலும் மேலே ஏறப் போவது வெளியிலிருந்து வந்து பரவிய, காற்றை வாயால் குடித்துப் பிழைக்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி மாதிரியான ஆசாமிகள்தான், அவை ஏறாமல் இருப்பதே நல்லது.

ஹில்சா ஒரு காலத்தில் டெல்லி வரை வந்தது என்று சித்தரஞ்சன் பார்க் மீன் கடையில் மழைக்காலத்தில் யாராவது ஒரு வங்காளிப் பெரியவர் சொல்வார், விலையைக் கேட்டு நாம் முழிக்கிறபோது. ஆக்ரா, கான்பூர், டெல்லி வரை போனதாகப் பழைய பதிவுகளிலும் இருக்கிறது. 1975-இல் மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை வந்த பிறகு மேலே வரத்து படுத்துவிட்டது, அந்த அணையில் மீனுக்கென்று வழி இருந்தும்கூட. நம்ம பக்கத்தில் காவிரியிலும் இதே மீன், உல்லம் என்போம், 1934-இல் மேட்டூர் வந்த பிறகு மேல் காவிரிக்கு இல்லாமல் போனது. ஹில்சா கூட்டமாக வருகிற, தொட்டாலே செதில் உதிர்ந்து செத்துப்போகிற மீன், துள்ளல் ஏணி அதற்கு ஆகாது. ஃபராக்காவில் கப்பல் போகும் லாக்கை (இரண்டு பக்கமும் கதவு வைத்து நீர்மட்டத்தைச் சமன்செய்யும் தொட்டி) இரவு 1 மணி முதல் 5 மணி வரை மீனுக்காகத் திறந்துவைக்கலாம் என்று 2019-இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். யோசனை சரிதான், ஏனென்றால் அங்கே மீன் படி ஏற வேண்டியதில்லை, மட்டம் சமமான பிறகு கூட்டத்தோடு அப்படியே நீந்திப் போகலாம்.

ஓக்லாவுக்கும் நான் கேட்பது இதுமாதிரிதான். இது உயரமான அணை இல்லை, மதகு வைத்த தடுப்பு. ஜூலை, ஆகஸ்ட் வெள்ளத்தில் மதகுகளை முழுக்கத் தூக்கிவிடும்போது மேலும் கீழும் மட்ட வித்தியாசம் மிகவும் குறைந்துவிடுகிறது, ஆக்சிஜனும் அந்த நாட்களில்தான் ஓரளவு இருக்கிறது, மீன் ஏறுகிற பருவமும் அதுவே. வெள்ளம் வடிந்தவுடன் எல்லா மதகையும் ஒரேயடியாக இறக்கிவிடாமல், வேகம் குறைவாக இருக்கிற கரையோர மதகு ஒன்றிரண்டை ராத்திரியில் முழுக்கத் தூக்கியே வைத்திருந்தால், கெளுத்தி அடியிலும் கெண்டை நடுவிலும் போகும். பாதி தூக்கினால் உதவாது, அடியில் தண்ணீர் பீறிட்டு எந்த மீனும் எதிர்க்க முடியாத வேகத்தில் வரும். ஓக்லாவிலிருந்து பிரிகிற ஆக்ரா கால்வாய்க்கு மட்டம் குறையும் என்று பாசனத் துறையில் ஆட்சேபிப்பார்கள், நியாயமான ஆட்சேபம். அதனால் எத்தனை இரவு, எந்த மட்டத்துக்கு மேல் என்று முதலில் உட்கார்ந்து பேசவேண்டும், கான்கிரீட்டுக்கு டெண்டர் விடுவது அதற்கப்புறம்.